பழைய எம்ஜிபி வாங்குவது எப்படி: துரு முதல் ஆவணம் வரை முழுமையான வழிகாட்டி

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜின் கெட்டுப்போனால் கைப்பழக்கம் உள்ள இரண்டு பேர் ஒரு வாரக்கடைசியில் அதை இறக்கிவிடுவார்கள். கியர்பாக்ஸும் அப்படித்தான். கதவுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டம் அரித்துப்போயிருந்தால்தான் கதை வேறு. முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் அடியை அறுத்து, கதவு இடைவெளி கோணாமல் உள்ளே தாங்கு கொடுத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் செலவு வண்டி விலையைத் தொட்டுவிடும். அதனால் இந்தக் காரைப் பார்க்கப் போகிறவர் பானட்டைத் திறப்பதற்கு முன் தரையில் படுக்க வேண்டும். விற்பவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டத் துடிப்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் முதல் முறை வாங்குபவருக்கு எம்ஜிபியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உதிரிப் பாகம் கிடைக்காமல் வண்டி நிற்பது அபூர்வம். 1988 முதல் புத்தம் புதிய பாடி ஷெல்லே அழுத்தி விற்கிறார்கள். இன்ஜின் நம் ஆட்களுக்கு அந்நியமும் இல்லை. அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) ஒரே பி-சீரிஸ் குடும்பம். அம்பாசிடரைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் எம்ஜிபி பானட்டைத் திறந்தால் பாதி பாகங்களை அடையாளம் கண்டுவிடுவார்.

எந்த எம்ஜிபி?

கூரையில்லாத திறந்த காரான ரோட்ஸ்டர் 1962இல் வந்தது. தகரக் கூரையும் பின் கதவும் உள்ள ஜிடி 1965இல். இரண்டில் ஜிடி விலை குறைவு, மழைக்கும் நெடுஞ்சாலைக்கும் வசதி. ஆனால் பெரும்பாலோர் திறந்த காருக்காகத்தான் இந்தப் பக்கமே வருகிறார்கள். அது சரி, வாங்குவது மனசுக்குத்தானே.

வருடங்களில் நினைவில் வைக்க வேண்டியவை சில. 1964 அக்டோபர் வரை வந்த இன்ஜினில் கிராங்குக்கு மூன்று பேரிங், அதன்பின் ஐந்து. ஐந்து பேரிங் இன்ஜின் பல மடங்கு முரட்டுத்தனம் தாங்கும். 1967 இலையுதிர்காலத்தில் மார்க் 2 வந்தது. முதல் கியருக்கும் சின்க்ரோ (கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு), டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாசிட்டிவ் எர்த்துக்குப் பதில் நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைவது) எல்லாம் அதோடு வந்தவை. 1974 இலையுதிர்காலத்தில் குரோம் பம்பர் போய்க் கருப்பு ரப்பர் பம்பர் வந்தது. அமெரிக்க விதிக்காக வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள், அதனால் வளைவில் சாய்ந்தது. 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்ட்டி-ரோல் பார் வைத்து ஓரளவு சரிசெய்தார்கள்.

குரோம் பம்பர் வண்டிக்கு எப்போதும் கூடுதல் விலை. பார்வைக்கு அது அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதே பணத்தில் அரித்த குரோம் பம்பர் வண்டியும் கெட்டியான ரப்பர் பம்பர் வண்டியும் எதிரெதிரே நின்றால் ரப்பர் பம்பரை எடுங்கள். உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகள் கடையில் கிடைக்கும். கெட்டியான தகரம் அப்படிக் கிடைக்காது.

ஆறு சிலிண்டர் எம்ஜிசி 1967 முதல் 1969 வரை சுமார் 9,000 தான் வந்தது. 3.5 லிட்டர் ஜிடி வி8 1973 முதல் 1976 வரை 2,591. தொழிற்சாலை வி8 எல்லாமே ஜிடி. அந்தக் கால ரோட்ஸ்டரில் வி8 இருந்தால் அது பிற்பாடு யாரோ மாற்றியது, அசல் வி8 விலை கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் காராக இந்த இரண்டும் வேண்டாம்.

அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்தவையும் நிறைய. கலிஃபோர்னியா, அரிசோனா போன்ற வறண்ட ஊரில் இருந்ததென்றால் தகரம் நன்றாக இருக்கும். வெயிலில் டேஷ்போர்டும் சீட்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். 1975க்குப் பிந்தைய அமெரிக்க வண்டிகளில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டருக்குப் பதில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க், சக்தியும் 95 குதிரைத்திறனிலிருந்து அறுபதுகளுக்கு இறங்கிவிட்டது. 1968 முதல் 1971 வரை அங்கே போனவற்றில் தலையணை மாதிரி உப்பிய டேஷ்போர்டு இருக்கும், ‘ஆபிங்டன் தலையணை’ என்றே அதற்குக் கேலிப்பெயர். இடது ஸ்டியரிங்கை வலதுக்கு மாற்றியிருந்தால் அந்த வேலையின் பில்லைக் கேளுங்கள்.

கிளம்பும் முன்

பதிவு எண்ணை விளம்பரத்திலிருந்து எடுத்து, பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் எம்ஓடி (அங்கே வருடா வருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பாருங்கள். இலவசம். ஒவ்வொரு சோதனையிலும் ஓடிய மைல், தோல்விக்கான காரணம், எச்சரிக்கைக் குறிப்பு எல்லாம் இருக்கும். ‘அரிப்பு’ என்ற சொல் எந்த இடத்தைச் சொல்லி வருகிறது, அடுத்த வருடம் அது மறைந்ததா என்று படியுங்கள். மறைந்திருந்தால் வெல்டிங் நடந்திருக்கிறது. யார் செய்தது, போட்டோ உண்டா என்பது உங்கள் முதல் கேள்வி. நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி கட்டாயமில்லை. அதனால் சில வண்டிகளின் வரலாறு அந்த வருடத்தோடு நின்றிருக்கும். விருப்பத்தின் பேரில் வருடா வருடம் எம்ஓடி எடுத்த வண்டி என்றால் அதன் சொந்தக்காரர்மேல் நம்பிக்கை வைக்கலாம்.

போனில் பேசும்போது ஒரே ஒரு வேண்டுகோள்: ‘நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.’ சூடான இன்ஜின் ஸ்டார்ட்டிங் கோளாறையும் குளிர்ந்த நேரத்துப் புகையையும் மறைத்துவிடும். மழை நாளில் போகாதீர்கள். ஈரத்தில் எல்லாப் பெயின்ட்டும் மினுங்கும்.

எடுத்துப் போக வேண்டியவை: டார்ச், துணியில் சுற்றிய சிறு காந்தம், மொண்ணையான ஸ்க்ரூடிரைவர், டிராலி ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஒரு மரத்துண்டு, கீழே விரிக்கப் பழைய பாய். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள்.

தகரம்

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை என்பதால் வண்டி நடுவில் வளையாமல் பிடித்திருப்பது இரு பக்கமும் கதவுக்கடியில் ஓடும் பெட்டிச் சட்டங்கள்தான். பிரிட்டனில் ‘சில்’ என்பார்கள். இங்கே அடிச்சட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து ஒரே தகரமாகத் தெரிந்தாலும் அது பல அடுக்கு: வெளித்தகடு, உள்ளே செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு, தரையை ஒட்டிய உள்தகடு, எல்லாவற்றையும் அடியில் சேர்க்கும் ஒரு நீளச் சட்டம். ஈரம் உள்ளே போனால் வெளியேற வழியில்லை. நடுத்தகடு முதலில் அரிக்கும், வெளியே கொப்புளம் தெரிவது கடைசியில்தான்.

இதில் நடக்கும் ஏமாற்று வேலை ஒன்றே ஒன்று, ஆனால் பரவலானது. அரித்த அடிச்சட்டத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டு அடித்துவிடுவார்கள். பெயின்ட் அடித்ததும் புதுசாகத் தெரியும். உள்ளே பழையது தொடர்ந்து பொடியாகிக்கொண்டிருக்கும், மேலே போர்த்தியதற்குப் பலம் சேர்க்க ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க வரிசையாகச் செய்யுங்கள்.

1. வண்டி சமதளத்தில் நிற்கும்போது கதவின் பின் விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது.

2. அந்த இடைவெளியில் ஒரு அட்டைத்துண்டைச் செருகி, அடிச்சட்டத்தின் ஜாக்கிப் புள்ளியில் மரத்துண்டு வைத்து மெதுவாகத் தூக்குங்கள். நல்ல வண்டியில் அட்டை அதே தளர்வோடு இருக்கும். அட்டை நசுங்கிப் பிடித்தாலோ கதவு திறக்க மறுத்தாலோ சட்டம் போய்விட்டது. ஜாக்கி வைத்த இடமே நறநறவென்று உள்வாங்கினால் மேற்கொண்டு சோதனை தேவையில்லை. ஜிடியில் கூரையும் தாங்குவதால் இந்தச் சோதனை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. அங்கே அடுத்த படிகளை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

3. இறக்கிவிட்டுக் காந்தத்தை அடிச்சட்டத்தின் நீளம் முழுக்க இழுத்துக்கொண்டே போங்கள். பிடி விடும் இடத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள்.

4. மட்கார்டின் அடி விளிம்பும் அடிச்சட்டமும் சேரும் இடத்தில் கோடு தெரிய வேண்டும். வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

5. சட்டம் கதவோடு முடிவதில்லை. முன் மட்கார்டுக்குப் பின்னாலும் பின் மட்கார்டுக்குள்ளும் ஓடுகிறது. முன் சக்கரத்தை முழுவதும் திருப்பிவிட்டு உள்ளே டார்ச் அடியுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மண் தடுப்புத் தகடும் அதைச் சுற்றி ரப்பரும் இருக்கும். ரப்பர் உலர்ந்து போனதும் சேறு உள்ளே புகுந்து, சட்டத்தின் முன் முனையையும் கதவுக் கீல் தாங்கும் தூணின் அடியையும் தின்றுவிடும். பழுது பார்த்தவர் மட்கார்டைக் கழற்றியிருந்தால் போல்ட் தலைகளில் பெயின்ட் உடைந்திருக்கும். சட்டம் புதுசு, போல்ட் மட்டும் தொழிற்சாலைப் பெயின்ட்டோடு அசையாமல் இருக்கிறது என்றால் வேலை கதவு அகலத்துக்கு மட்டும்தான் நடந்தது.

6. கம்பளத்தைத் தூக்கித் தரைத்தகடு சட்டத்தோடு சேரும் மூலையை அழுத்துங்கள். கம்பளம் ஈரமாக இருந்தால் மழைநீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்தின் அடி, இல்லாவிட்டால் ஹீட்டர் பெட்டி.

அடிச்சட்டத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது பின் பட்டை ஸ்பிரிங்கின் முன் தாங்கி, சீட்டுக்குப் பின்னால் தரை மேலேறும் இடத்தில். இங்கே மேலே ஒட்டுப்போட்ட தகரம் கண்டால் சந்தேகப்படுங்கள், ஆக்ஸிலைப் பிடித்திருப்பது அந்த இடம்தான். அருகிலேயே பேட்டரிப் பெட்டி. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் தொங்கவிட்டிருந்தார்கள், ரப்பர் பம்பரோடு ஒற்றை 12 வோல்ட் வந்தது. அமிலமும் சாலைத் தண்ணீரும் சேர்ந்து பெட்டியின் அடியை அரிக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் சில வண்டிகளில் சாலையே தெரியும்.

முன் மட்கார்டு ஹெட்லைட்டுக்குப் பின்னால் மேல்பக்கம் கொப்புளிக்கும், பின் மட்கார்டு கதவுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள அடிமூலையில். கதவில் முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு விரிசல் இருக்கலாம். இந்த மாடலின் பிறவிக் குறை அது, விலை குறைக்க உதவும், பயப்பட வேண்டாம். பெட்ரோல் டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்பரப்பில் ஈரம் தங்கித் துளை விழும். டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் பெட்ரோல் வாசம் வந்தால் காரணம் இதுவே.

முழுப் பாடியும் புது ஹெரிடேஜ் ஷெல்லுக்கு (முன்பு சொன்ன புதிய பாடி ஷெல்) மாற்றியதாகச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஷெல்லின் பில்லும் வேலை நடந்த போட்டோக்களும் இருந்தால், ‘எல்லாம் அசல்’ என்று பெருமையாக நிற்கும் அரித்த வண்டியைவிட அது எவ்வளவோ மேல்.

இன்ஜின்

குளிர்ந்த இன்ஜினைச் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். சாவியைத் திருப்பியதும் வலது பின் சக்கரத்துக்கு அருகிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். அது எஸ்யூ பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்பியதும் சில விநாடிகளில் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லை டேங்க் காலி.

ஸ்டார்ட் ஆன நொடியில் ஒரு முறை நீலப் புகை வந்து நின்றால் வால்வு கைடு தேய்மானம், கூடவே வாழலாம். ஓடும்போது நீலம் தொடர்ந்தால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. வெள்ளை ஆவி சூடான பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஹெட் விரிசலோ. பி-சீரிஸ் ஹெட் வால்வுகளுக்கிடையே விரிசல் விடும் பழக்கம் உள்ளது.

ஆயில் பிரஷர்தான் இந்த இன்ஜினின் நாடித்துடிப்பு. குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு 3,000 சுற்றில் 50 முதல் 70 பிஎஸ்ஐ, ஐடிலில் 15 முதல் 25. சூட்டில் ஓடும்போது 40ஐ எட்டவில்லை என்றால் பேரிங் செலவைக் கணக்கில் சேருங்கள். குளிரில் காட்டும் 70ஐப் பார்த்து மகிழாதீர்கள், எந்த இன்ஜினும் அப்போது அதைக் காட்டும்.

மேலே ராக்கரிலிருந்து மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்பது நல்லது. வால்வு இடைவெளி 0.015 அங்குலம். சத்தமே இல்லாமல் பஞ்சு போல் ஓடினால் யாரோ இறுக்கி வைத்திருக்கிறார்கள், வால்வு கருகும். கீழேயிருந்து, முடுக்கும்போது வரும் ஆழமான தட் தட் சத்தம் வேறு வகை. அது கிராங்கு பேரிங், இன்ஜினை இறக்க வேண்டும்.

தரையில் ஆயில் சொட்டு இருக்கும். இல்லாவிட்டால் ஆயிலே இல்லையோ என்று பார்க்க வேண்டும் என்பது பழைய கேலி. இரண்டு மூன்று சொட்டு சகஜம். ஒரு இரவில் உள்ளங்கை அளவு குட்டை தேங்கினால் கிராங்கின் பின் பக்கம். அதைச் சரிசெய்ய இன்ஜினை வெளியே எடுத்தாக வேண்டும்.

ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது இல்லை. ஹெட்டில் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். போடவில்லை என்றாலும் நிதானமாக ஓட்டுபவருக்கு உடனே ஆபத்தில்லை, ஒவ்வொரு முறையும் டேங்கில் அடிட்டிவ் ஊற்ற வேண்டும், வால்வு இடைவெளியை அடிக்கடி அளக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் இ10 ஆகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களை அந்த எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். சூப்பர் ரக இ5 ஊற்றுவதே பாதுகாப்பு.

கியர்பாக்ஸ், ஓவர்டிரைவ், ஆக்ஸில்

முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கொஞ்சம் ஊளைச் சத்தம் வருவது இயல்பு. இரண்டாம் கியரின் சின்க்ரோதான் முதலில் தேயும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வேகமாக இறக்கிப் பாருங்கள், கரகரத்தால் தேய்ந்துவிட்டது. மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை விட்டதும் லீவர் தானாக நழுவி வெளியே வரக்கூடாது.

எம்ஜிபியில் கிளட்ச் தட்டை மாற்ற இன்ஜினை இறக்க வேண்டும் என்பது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. பாகம் மலிவு, கூலி அதிகம். மிதிக்கும்போது கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். அது கார்பனால் ஆனது, சிக்னலில் கிளட்சை மிதித்தே நிற்பவர்கள் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடுவார்கள்.

லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) உள்ள வண்டியையே தேடுங்கள். 1975 வரை அது கூடுதல் பணம் கட்டி வாங்கும் வசதி, அதன்பின் பிரிட்டனில் விற்ற எல்லா வண்டியிலும் வந்தது. மணிக்கு 70 மைலில் ஓவர்டிரைவ் இல்லாத வண்டி சுமார் 3,900 சுற்றில் அலறும், இருந்தால் சுமார் 3,200. பின்னால் பொருத்துவது செலவான வேலை. நான்காம் கியரில் 45 மைலுக்கு மேல் சுவிட்சைப் போட்டதும் ஒரு விநாடிக்குள் சுற்று இறங்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் விற்பவர் ‘ஒயர்தான், சின்ன வேலை’ என்பார். பத்தில் பாதிக்கு மேல் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும்: சுவிட்ச், ஒயர், கியர்பாக்ஸின் மேலுள்ள தடுப்பு சுவிட்ச், ஆயில் குறைவு. ஆனால் விலையை வேலை செய்யாத ஓவர்டிரைவுக்கே பேசுங்கள்.

ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று அடித்தால் பயம் வேண்டாம், பெரும்பாலும் டிஃபரன்ஷியலின் த்ரஸ்ட் வாஷர். 1967க்குப் பிந்தைய ஆக்ஸிலில் இது வழக்கமான தேய்மானம், ஆக்ஸிலை வண்டியிலிருந்து கழற்றாமலே மாற்றலாம். வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம்தான் செலவு வைக்கும்.

முன் சக்கரமும் கிங்பின்னும்

லாரிகளில் பார்த்த அதே கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஏற்பாடுதான். 3,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்காவிட்டால் தேய்ந்து இறுகும். முன் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங்கைச் சரிசெய்தால் போதும். நிற்கவில்லை என்றால் கிங்பின். ஓட்டும்போது திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுத்தாலும் கிங்பின் வறண்டிருக்கிறது.

ஷாக் அப்சார்பர் நெம்புகோல் வகை. அதன் உடம்பில் ஆயில் வழிந்த ஈரம் இருந்தால் ஓவர்ஹால் செய்தது வாங்கிப் போட வேண்டும்.

கம்பிச் சக்கரம் கண்ணைப் பறிக்கும். நடுவில் உள்ள பல்வரிசை தேய்ந்தால் சக்கரம் ஹப்பில் நழுவும். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். ‘கிளிக்’ என்று ஆடினால் சக்கரம், ஹப் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேனாவால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள், எல்லாம் ஒரே சுரத்தில் ஒலிக்க வேண்டும், மொத்தென்று சொன்ன கம்பி தளர்ந்தது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 1714 என்றால் 2014இன் 17ஆவது வாரம். பட்டன் புதுசாக இருந்தாலும் பத்து வயது தாண்டிய டயரில் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

ஒயரிங்

லூகாஸ் நிறுவனத்தின் மின் பாகங்களைப் பற்றிய நகைச்சுவைகளைப் பொருட்படுத்த வேண்டாம். கோளாறில் பெரும்பகுதி எர்த் முனைகளில் பூத்த பச்சையும் முன்னாள் சொந்தக்காரர்களின் கைவண்ணமும்தான். டேஷ்போர்டுக்கடியில் டேப் சுற்றிய ஒயர் கொத்து, பல நிற ஒட்டு ஒயர்கள் தொங்கினால் விலையைக் குறையுங்கள். 1967க்கு முந்தைய வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தில் இருக்கிறதா, மாற்றிவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் நவீன ரேடியோவையோ போன் சார்ஜரையோ இணைத்தால் புகைந்துவிடும்.

காகிதங்கள்

வி5சி பதிவுச் சான்றில் உள்ள பெயரும் முகவரியும் நீங்கள் நிற்கும் வீட்டோடு பொருந்த வேண்டும். அது வண்டியைப் பதிவில் வைத்திருப்பவர் யார் என்று மட்டும் சொல்லும், உரிமைக்குச் சான்றாகாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே விற்பனை ரசீதை எழுதி வாங்குங்கள், கடன் பாக்கி சோதனையும் செய்யுங்கள். சேஸிஸ் எண்ணை பானட்டுக்குள் உள்ள தகட்டோடும், இன்ஜின் எண்ணை பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள சிறு தகட்டோடும் ஒப்பிடுங்கள். ‘ஜிஎச்என்’ என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ‘ஜிஎச்டி’ என்றால் ஜிடி. அசல் நிறம், செய்த தேதி, எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதைக் கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணத்துக்கு ஹெரிடேஜ் சான்றிதழாகத் தருகிறது. இடது ஸ்டியரிங் மாற்றிய வண்டிகளின் குட்டு அங்கே உடையும்.

எல்லா எம்ஜிபியும் நாற்பது வயதைத் தாண்டிவிட்டதால் வரலாற்று வாகன வகுப்பில் சாலை வரி பூஜ்யம், அந்த வகுப்பில் பதிவானால் லண்டன் மாசுக் கட்டணமும் இல்லை. வரி பூஜ்யமானாலும் வருடா வருடம் பதிவு செய்ய வேண்டும். கடந்த முப்பது வருடத்துக்குள் பெரிய அளவில் மாற்றியமைத்த வண்டிக்கு எம்ஓடி விலக்கு கிடைக்காமல் போகலாம், வி8 மாற்றம் செய்தவற்றை வாங்குபவர் இதை முன்பே தெளிவாக்கிக்கொள்ளட்டும். காப்பீட்டில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி எடுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பின் உங்கள் வண்டியை ஏதோ பழைய கார் என்றே மதிப்பிடுவார்கள்.

விலை பேசும்போது

ரோட்ஸ்டர் விலை வசந்தத்தில் ஏறும். நவம்பரில் பாருங்கள். குறைகளைச் செலவு வரிசையில் எழுதிக் காட்டிப் பேசுங்கள்: அடிச்சட்டம், பெயின்ட், கேன்வாஸ் மேல்மூடியும் சீட்டும், அதற்குப் பிறகே இன்ஜினும் கியர்பாக்ஸும். அடிச்சட்டம் போன வண்டிக்கு எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ‘பாதி வேலை முடிந்த புராஜெக்ட்’ பெட்டி பெட்டியாகப் பாகங்களோடு வந்தால் அதையும் விடுங்கள். பெட்டியில் இல்லாதது எது என்று கடைசி வாரத்தில்தான் தெரியும். நல்ல வண்டி என்று தெரிந்தாலும் கையிலுள்ளதை முழுக்கக் கொட்டாமல் வாங்கும் விலையில் ஆறில் ஒரு பங்காவது தனியே வையுங்கள். ஐயம் இருந்தால் 1930இல் தொடங்கிய எம்ஜி கார் கிளப்பிலோ 1973இன் எம்ஜி ஓனர்ஸ் கிளப்பிலோ அனுபவசாலி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

விற்றவர் எல்லாம் செய்துவிட்டேன் என்று சொல்லியிருப்பார். நீங்களும் ஒரு முறை செய்யுங்கள். 20டபிள்யூ-50 ஆயில், ஃபில்டரோடு சேர்த்து நான்கேகால் லிட்டர் பிடிக்கும். நவீன மெல்லிய சிந்தெடிக் ஆயில் ஊற்றினால் இருக்கிற கசிவுகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். கார்புரேட்டர் இரண்டின் மேல்மூடியையும் திருகி அதே ஆயிலைக் கொஞ்சம் விடுங்கள், அது வறண்டிருந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வண்டி திணறும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பாயின்ட் 0.015.

டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், தேதி தெரியாத பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட்டுப் புதிது விடுங்கள். முன் சஸ்பென்ஷனில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில், பழைய கருப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஆறில் ஏதாவது ஒன்றில் கிரீஸ் ஏற மறுத்தால் நிப்பிளைக் கழற்றித் துவாரத்தைச் சுத்தம் செய்து மறுபடி முயலுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் அந்தப் பக்கக் கிங்பின்னுக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள்.